உள்ளது உள்ளபடி

லாஸ்பேட்டை ஓடுதளத்துக்கு வடக்கே
தகரக் கொட்டகையின் மூன்று சுவருக்குள்
நிற்கிறது வழக்குச் சொத்து:
மஞ்சள் பூச்சு, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை,
மூக்கைச் சுற்றி ஏழு சிலிண்டர்.
நான்காவது சுவரை
அண்ணன் கட்டுவதா தம்பி கட்டுவதா என்பது
தனி மனு.

இறுதித் தீர்ப்பு வரும்வரை
உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்றது நீதிமன்றம்.
நகல் எனக்கு வந்தது.
கடலுக்கு வரவில்லை போல.
தினமும் மதியம் கிழக்கிலிருந்து
உப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

நான் பிலோமின் தவமணி, எஞ்சின் மெக்கானிக்.
ரிசீவர் வக்கீல் தரும் சம்பளத்துக்கு
அசையாத ஒன்றை
அசையாமல் பார்த்துக்கொள்கிறேன்.
நிறுத்தி வைத்த வண்டிக்கு என்ன வேலை என்று
வாசல் காவலர் முதல் நாளே கேட்டார்.

சிலிண்டருக்குள் எண்ணெய் தெளித்தேன்.
ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய துளைகளில்
கண்ணாடிக் குப்பி போன்ற அடைப்பான்கள் முறுக்கினேன்.
உள்ளே சிறு மணிகள்.
உலர்ந்தால் நீலம், ஈரம் குடித்தால் ரோஜா.
ஐப்பசியில் ஒரே வாரத்தில் சிவக்கும்.
கழற்றி, டிபன் டப்பாவில் போட்டு
ஜோக்கிமின் பேக்கரிக்குப் போவேன்.
கடைசி ரொட்டி வெளியே வந்தபின்
அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில்
அவை மறுபடி நீலமாகும்.
"இது எந்த ஊர் பொரி?" என்பார் ஜோக்கிம்,
ஒவ்வொரு முறையும்.

காற்று அளக்கும் குழாயில் குளவி மண் பூசும்;
அதற்குச் சிவப்பு ரெக்சின் உறை.
புகைபோக்கி வாய்க்கு ரப்பர் மூடி, அணிலுக்காக.
மேக்னெட்டோ ஒயரை எலி ருசி பார்த்ததும்
சக்கரங்களைச் சுற்றித் தகர வளையம்.
முழு எஞ்சினுக்கும் ஒரு தார்ப்பாய்:
கடலூர் ஓ.டி.யில் படகு மூடி தைக்கும் பாரூக்
இஞ்சி டேப்பைக் கழுத்தில் போட்டு வந்து
மூக்கை மூன்று முறை அளந்துவிட்டுக் கேட்டான்,
"மூச்சு விட எங்கே வழி வைக்கட்டும்?"
அடியில் வை என்றேன். வியர்க்கும்.

விசிறியில் ஒரு அட்டை தொங்குகிறது:
கையால்கூடச் சுற்றாதே.
சுற்றினால் உள்சுவரில் படிந்த எண்ணெய் வழிந்துபோகும்,
வெறும் இரும்பு காற்றைப் பார்த்துவிடும்.
அண்ணன் குளோத் வந்தால்
அட்டையைப் படித்துவிட்டுத்தான் கையை வைப்பார்.
தம்பி ரெமி வந்தால்
அண்ணன் கை பட்டதா என்று கேட்பார்.

இந்த வைகாசியில்
தார்ப்பாயின் மூச்சு வழியாக
மைனா உள்ளே போயிருக்கிறது.
மூன்றாவது, நான்காவது சிலிண்டருக்கு நடுவில்
துடைப்பக் குச்சி, ஷாம்பு உறை,
யாருடைய மனுவிலிருந்தோ கிழிந்த பச்சைக் காகிதம்.
அதன்மேல் நான்கு முட்டை.
டார்ச் அடித்தபோது
என் மணிகள்தான் சிந்திவிட்டன என்று நினைத்தேன்.
அதே நீலம்.

கூட்டை எடுக்கச் சொல்லி ரெமியின் வக்கீல்.
எடுத்தால் நிலைமை மாறும் என்று குளோத்தின் வக்கீல்.
கூடு உத்தரவுக்கு முன்பா பின்பா என்று
ரிசீவர் என்னைக் கேட்டார்.
எஞ்சினைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நான் மட்டும் கேட்டுக்கொண்டேன்:
எச்சத்தில் அமிலம், நாரில் ஈரம்,
அலுமினியச் செதிலை அரிக்க
ஒரு மாதம் போதும்.

இருந்தும் அன்று மாலை
மூச்சு வழியை ஒரு சாண் அகலமாக்கிக் கட்டினேன்.
அடுத்திருந்த இரண்டு அடைப்பான்களை
வாரம் இருமுறை மாற்றினேன்.
தாய்ப்பறவை என் மணிக்கட்டைக் கொத்தியது,
அதுவும் ஏதோ பராமரிக்கிற தோரணையில்.

பதிவேட்டில் எழுதினேன்:
'கூடுதல் சொத்து நான்கு. ஓடு நீலம். உரிமை கோருவோர் ஒருவர்.'

அடுத்த வாய்தா ஆனி கடைசியில்.
அதற்குள் அவை போய்விடும்,
பதினோரு வருடத்தில்
இந்தக் கொட்டகையிலிருந்து முதல் புறப்பாடு.
மறுநாள் நான்
மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் எடுத்துக்கொண்டு
செதில் செதிலாகத் தேய்க்க வேண்டும்.
பேக்கரியில் சொல்லி வைத்திருக்கிறேன்,
அன்று கொஞ்சம் தாமதமாகும் என்று.